எங்கே வைப்பது இந்த வினையடையை?

(பத்தாம் வகுப்பு மாணவி)



காலாண்டுத் தேர்வு முடிந்து ஆங்கில விடைத்தாள்கள் திருத்தித் தரப்பட்ட நாள் அது. மொழிபெயர்ப்புப் பகுதியில் ஒரு வாக்கியம் கேட்கப்பட்டிருந்தது: "நன்றாக உலர்த்தப்பட்ட மிளகு நல்ல விலைக்குப் போயிற்று." திருப்புலி நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு மிளகைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மகிழ்ச்சியோடு, "தி பெப்பர் விச் வெல் வாஸ் டிரைடு ஃபெட்ச்டு எ குட் பிரைஸ்" என்று எழுதி வைத்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் 'வெல்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதிலிருந்து 'வாஸ்' என்பதையும் தாண்டி 'டிரைடு' என்பதற்கு முன்னால் போய் நிற்கும் ஓர் அம்புக்குறி. ஓரத்தில் அரை மதிப்பெண் குறைவு.

"சிஸ்டர், எல்லாச் சொற்களும் சரியாகத்தானே இருக்கின்றன?" என்று எங்கள் ஆங்கில ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர் புன்னகை செய்து, "சொற்கள் சரி, இடம் சரியில்லை. உன் தமிழ்க் காது எழுதிய ஆங்கிலம் இது. ஏன் அப்படி எழுதினாய் என்று நீயே யோசித்துப் பார். விடை கிடைத்தால் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு" என்றார். அந்த அரை மதிப்பெண் என்னை நெடுந்தூரம் அழைத்துச் சென்றது. பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் தொடங்கி நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் வரை சென்று திரும்பினேன். அங்கே கண்டவற்றை இக்கட்டுரையில் கூறுகிறேன்.

மூன்று உறுப்புகள்

முதலில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்வோம்.

ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றி மேலும் ஒரு செய்தி சொல்ல, அதன் பின்னால் 'ஹூ', 'விச்', 'தட்' ஆகியவற்றுள் ஒன்றை வைத்துச் சேர்க்கப்படும் சிறு வாக்கியமே ரிலேட்டிவ் கிளாஸ். 'தி பெப்பர் விச் வாஸ் டிரைடு' என்பதில் 'விச் வாஸ் டிரைடு' என்ற பகுதி அத்தகையது. தமிழில் அதே வேலையைச் செய்வது பெயரெச்சம்.

செயலைச் செய்தவரைப் பின்னால் தள்ளி, செயலுக்கு உள்ளான பொருளை முன்னால் நிறுத்துவது செயப்பாட்டு வினை. ஆங்கிலத்தில் 'ஈஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்', 'பீன்' போன்ற துணைவினையோடு 'டிரைடு', 'ரிட்டன்' போன்ற பார்ட்டிசிபிள் வடிவம் சேர்ந்து இது அமையும். தமிழில் 'படு' என்னும் துணைவினை இவ்வேலையைச் செய்யும்: எழுதப்பட்டது, உலர்த்தப்பட்டது.

செயல் எப்படி நடந்தது, எப்போது நடந்தது, எவ்வளவு நடந்தது என்று சொல்வது வினையடை. 'நன்றாக', 'நேற்று', 'அடிக்கடி', 'முழுவதும்' என்பன தமிழில் வினையடைகள். 'வெல்', 'எஸ்டர்டே', 'ஆஃபன்', 'கம்ப்ளீட்லி' என்பன ஆங்கிலத்தில்.

இம்மூன்றும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும்போதுதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

கண்ணாடியில் தெரியும் உருவம்

"நன்றாக உலர்த்தப்பட்ட மிளகு" என்பதைப் பாருங்கள். வினையடை முதலில் வருகிறது, வினை அடுத்து, பெயர் இறுதியில். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடுகிறது, பின்பு 'விச்', பின்பு துணைவினை, அதன் பின்தான் மற்றவை. கண்ணாடி முன் நிற்கும்போது நம் வலக்கை இடக்கையாகத் தெரிகிறதல்லவா? இரு மொழிகளும் அப்படித்தான் எதிரெதிராக நிற்கின்றன.

இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1856-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் இவ்வேற்றுமையை விளக்கியுள்ளார். 'ஹூ', 'விச்' போன்ற இணைப்புச் சொற்கள் திராவிட மொழிகளில் இல்லை, அவற்றின் வேலையைப் பெயரெச்சமே செய்து முடிக்கிறது என்று அவர் காட்டினார். அவருக்கும் முன்னே, இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குருவான வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். நாம் இன்று ஆங்கிலம் கற்கத் தாண்டும் இதே வாய்க்காலை அவர்கள் எதிர்க்கரையிலிருந்து தாண்டியிருக்க வேண்டும் என்று எண்ணும்போது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. "நன்றாக உலர்த்தப்பட்ட மிளகு" என்று தேர்வுத்தாளில்தான் எழுதுவோம். வீட்டில் அம்மா, "நல்லாக் காய வெச்ச மிளகு" என்றுதான் சொல்வார். 'வைத்த' என்பது செய்வினை. ஆனால் மிளகு எதையும் வைக்கவில்லை! "சமைத்த சோறு", "துவைத்த துணி" என்பனவும் இப்படியே. பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறு வகைப் பெயர்களையும் கொண்டு முடியும் என்று பவணந்தி முனிவரின் நன்னூல் கூறுவதை நாம் இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். சோறு செயப்படுபொருள், ஆகவே 'படு' இல்லாமலே பொருள் விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. 'விச்' என்று தொடங்கிவிட்டால் 'வாஸ்' வந்தே தீர வேண்டும்.

என் தவறு எங்கே பிறந்தது என்பது இப்போது புரிந்தது. தமிழில் வினை பிளவுபடாத ஒரே சொல். வினையடை அதன் முன்னால் நிற்கும், அவ்வளவுதான். ஆங்கிலச் செயப்பாட்டு வினையோ இரண்டு, மூன்று சொற்களாகப் பிரிந்து நிற்கிறது. 'வாஸ்' ஒரு சொல், 'டிரைடு' ஒரு சொல். நான் தமிழ் வழக்கப்படி அந்தக் கூட்டம் முழுவதற்கும் முன்னால் 'வெல்' என்பதை நிறுத்தினேன். ஆங்கிலமோ அதைக் கூட்டத்தின் நடுவே உட்காரச் சொல்கிறது.

எங்கே உட்கார வைப்பது?

வினையடைகளின் வகையைப் பொறுத்து இடம் அமைகிறது.

1. தன்மையையும் அளவையும் சொல்பவை: 'வெல்', 'பேட்லி', 'கேர்ஃபுல்லி', 'கம்ப்ளீட்லி' போன்றவை. இவை பார்ட்டிசிபிளுக்குச் சற்று முன்னால் வரும். 'தி பெப்பர் விச் வாஸ் வெல் டிரைடு' என்பது நன்கு உலர்த்தப்பட்ட மிளகு. 'தி ரோடு விச் வாஸ் பேட்லி டேமேஜ்டு' என்பது மிகவும் சேதமடைந்த சாலை. தன்மையைச் சொல்பவை பலவற்றை இறுதியிலும் வைக்கலாம்: 'தி லெட்டர் விச் வாஸ் ரிட்டன் கேர்ஃபுல்லி' என்பதும் பிழையன்று. ஆனால் சேதத்தின் அளவைச் சொல்லும் 'பேட்லி' நடுவிலே இருப்பதே இயல்பு.

2. எத்தனை முறை என்று சொல்பவை: 'ஆஃபன்', 'ஆல்வேஸ்', 'நெவர்' போன்றவை. இவை முதல் துணைவினையை அடுத்து வரும். 'எ கொஸ்டின் விச் ஈஸ் ஆஃபன் ஆஸ்க்டு' என்றால் அடிக்கடி கேட்கப்படும் வினா. துணைவினை இரண்டு இருந்தால் முதலாவதன் பின்னாலேயே நிற்க வேண்டும்: 'விச் ஹேஸ் ஆஃபன் பீன் ஆஸ்க்டு'.

3. காலத்தையும் இடத்தையும் சொல்பவை: 'எஸ்டர்டே', 'ஹியர்' போன்றவை. இவை இறுதியில் வரும். 'தி லெட்டர் விச் வாஸ் போஸ்டட் எஸ்டர்டே' என்பதே சரி. 'வாஸ் எஸ்டர்டே போஸ்டட்' என்று பேச்சிலும் எழுத்திலும் நாம் சொல்லாதிருப்பது நல்லது. 'ரீசன்ட்லி' என்பது மட்டும் விருந்தாளியைப் போல நடுவிலும் இருக்கும், இறுதியிலும் இருக்கும்.

இரண்டு வகை வினையடைகள் சேர்ந்து வந்தால் அவரவர் இடத்தில் அவரவர் இருக்கலாம். 'எ சீக்ரெட் விச் ஹேஸ் ஆல்வேஸ் பீன் கேர்ஃபுல்லி கார்டட்' என்பது எப்போதும் கவனமாகக் காக்கப்பட்டு வந்த இரகசியம். 'ஆல்வேஸ்' முதல் துணைவினையின் பின்னால். 'கேர்ஃபுல்லி' பார்ட்டிசிபிளின் முன்னால். எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்!

'ஹூ', 'விச்' மறையும்போது

'விச் வாஸ்' என்ற இரு சொற்களையும் விட்டுவிட்டு, எஞ்சியதைப் பெயருக்கு முன்னால் கொண்டுவரவும் ஆங்கிலத்தில் வழி உண்டு. அப்போது அது தமிழ்ப் பெயரெச்சம் போலவே ஆகிவிடுகிறது. 'வெல் டிரைடு பெப்பர்', 'எ கேர்ஃபுல்லி ரிட்டன் லெட்டர்' என்பவை எடுத்துக்காட்டுகள். கண்ணாடியை எடுத்துவிட்டால் இரு மொழிகளும் ஒரே திசையில் நிற்கின்றன!

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பெயருக்கு முன்னால் வரும்போது 'வெல்' என்பதற்கும் 'டிரைடு' என்பதற்கும் இடையே சிறு கோடு இட வேண்டும். 'லி' என்று முடியும் வினையடைகளுக்கு அக்கோடு வேண்டியதில்லை. மேலும், எல்லா வினையடைகளும் இப்படி முன்னால் வந்துவிட மாட்டா. "நேற்று அனுப்பப்பட்ட கடிதம்" என்பது நல்ல தமிழ்; 'தி எஸ்டர்டே போஸ்டட் லெட்டர்' என்பது ஆங்கிலம் ஆகாது.

இடம் மாறினால் பொருளும் மாறும்

இதுவரை சொன்னவை மதிப்பெண்ணைக் காப்பவை. இனிச் சொல்லப்போவது பொருளைக் காப்பது.

வகுப்பில் நடக்கக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'தி ஆன்சர் விச் வாஸ் காப்பிட் கிளியர்லி' என்றால், கரும்பலகையிலிருந்து தெளிவாகப் பார்த்து எழுதப்பட்ட விடை என்று பொருள். அதை எழுதிய மாணவிக்குப் பாராட்டுக் கிடைக்கும். 'தி ஆன்சர் விச் வாஸ் கிளியர்லி காப்பிட்' என்றாலோ, ஐயத்திற்கு இடமின்றிப் பக்கத்து மாணவியைப் பார்த்துக் 'காப்பி' அடிக்கப்பட்ட விடை என்றே பொருள் கொள்வர். அவளுக்குக் கிடைப்பது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை! சொற்கள் அனைத்தும் அவையே. 'கிளியர்லி' மட்டும் ஒரு சொல் தள்ளி அமர்ந்துவிட்டது.

இன்னொன்று. 'தி கர்ல் ஹூ வாஸ் ஸ்கோல்டட் ஆஃபன் கெப்ட் சைலன்ட்.' இதில் 'ஆஃபன்' எதைச் சேர்ந்தது? அடிக்கடி திட்டு வாங்கிய பெண் பேசாதிருந்தாளா, திட்டு வாங்கிய பெண் அடிக்கடி பேசாதிருந்தாளா? வினையடை இரு வினைகளுக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் பார்க்கிறது. இதற்கு ஆங்கில இலக்கணத்தார் மாறுகண் அடை என்ற பொருளில் ஒரு வேடிக்கைப் பெயரே வைத்திருக்கிறார்கள். இதைத் தீர்ப்பது எளிது. 'ஹூ வாஸ் ஆஃபன் ஸ்கோல்டட்' என்று வினையடையை நடுவிலே அமர்த்திவிட்டால் பார்வை நேராகிவிடும்.

தமிழுக்கு இந்தக் குறை இல்லை என்று பெருமை கொள்ள வேண்டாம். "நேற்று எழுதப்பட்ட கடிதம் வந்தது" என்றால், எழுதப்பட்டது நேற்றா, வந்தது நேற்றா? பேசும்போது குரலை நிறுத்தி விளக்கிவிடலாம். எழுத்துக்குக் குரல் ஏது?

'நாட்' என்னும் காவலாளி

எதிர்மறை வந்துவிட்டால் கவனம் இருமடங்காக வேண்டும். தமிழில் எதிர்மறை வினைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். "முழுவதும் எழுதப்படாத விடைத்தாள்" என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு வரிகூட எழுதாமல் வெறுமையாகக் கொடுத்த தாள் என்றும் கொள்ளலாம். பாதி எழுதி, முழுவதும் முடிக்காத தாள் என்றும் கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் 'நாட்' தனிச்சொல்லாக நிற்பதால் இக்குழப்பம் தீர்கிறது. பொதுவாக 'நாட்' தனக்குப் பின்னால் வருவதை மறுக்கும். 'விச் வாஸ் நாட் கம்ப்ளீட்லி ரிட்டன்' என்றால் எழுதியது உண்டு, முழுமைதான் இல்லை. மறுக்கப்படுவது எழுதுதல் அன்று. 'கம்ப்ளீட்லி' என்ற வினையடையே மறுக்கப்படுகிறது. இதனை மனத்தில் நன்கு பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் அடுத்து நாம் பார்க்கப்போகும் இடத்தில் இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வு இந்த ஒரு நுட்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு வினையடை

நமது அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டு, 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை உருவாக்கிய அவையில் பெண்கள் 15 பேர் இருந்தனர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற அம்மு சுவாமிநாதன் அவர்களுள் ஒருவர். சென்னை லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளாரும் அவ்வவையின் உறுப்பினராக இருந்தார். வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர்.

அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு அரசு வேலையில் எல்லாருக்கும் சம வாய்ப்பு உண்டு என்கிறது. அதன் 4-ஆம் உட்பிரிவு, அரசுப் பணிகளில் போதிய இடம் பெறாத பிற்பட்ட வகுப்பினருக்குப் பணியிடங்களை ஒதுக்கி வைக்க அரசுக்குத் தடை இல்லை என்று சொல்கிறது. எந்த வகுப்பினருக்கு என்று காட்டும் பகுதி ஒரு ரிலேட்டிவ் கிளாஸ். அதன் வினை செயப்பாட்டு வினை. அதற்குள்ளே ஒரு வினையடை: 'நாட் அடிக்வெட்லி ரெப்ரசென்டட்'. நான் அரை மதிப்பெண் இழந்த அதே இலக்கணம்!

'அடிக்வெட்லி' என்றால் போதிய அளவில். 'ரெப்ரசென்டட்' என்றால் தம்மவர் மூலம் இடம்பெற்றிருத்தல். இப்போது நடுவில் உள்ள வினையடையைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள்: 'நாட் ரெப்ரசென்டட்'. இடமே பெறாத வகுப்பு என்று ஆகிவிடும். அப்படி இருந்திருந்தால், ஒரு வகுப்பைச் சேர்ந்த ஒரே ஒருவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாலும், "உங்களுக்குத்தான் இடம் கிடைத்துவிட்டதே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். வினையடை அங்கே இருப்பதால் அவ்வாறு சொல்ல முடியாது. ஒருவர் இருப்பது போதாது. போதிய அளவு இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். 'நாட்' மறுப்பது இடம்பெறுதலை அன்று, போதுமையை.

அதே வாக்கியத்தில் இன்னொரு வினையடைத் தொடரும் உண்டு. 'அரசின் கருத்தில்' என்று பொருள்படும் அத்தொடர் 'விச்' என்பதை அடுத்து, இரு காற்புள்ளிகளுக்கு நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. போதுமா போதாதா என்று கருதுவது யார் என்பதை அது சொல்கிறது. வாக்கியத்தின் இறுதியில் 'அரசுப் பணிகளில்' என்னும் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கருத்தைச் சொல்லும் தொடரையும் அங்கேயே கொண்டுபோய் ஒட்டியிருந்தால் எது எதைத் தழுவுகிறது என்று தெரியாமல் போயிருக்கும். காற்புள்ளிகள் இரண்டும் வேலி போல நின்று அதனைத் தனியே காட்டுகின்றன.

இந்த வினையடையின் அளவு என்ன என்பது நீதிமன்றத்திற்கும் சென்றது. 1992 நவம்பரில் இந்திரா சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் சொல்வது போதிய இடத்தை. மக்கள் தொகை விகிதப்படியான இடத்தை அன்று என்று அதில் விளக்கப்பட்டது. 'போதிய அளவில்' என்பதும் 'விகிதப்படி' என்பதும் வெவ்வேறு வினையடைகள் அல்லவா? 1995-இல் 77-ஆவது திருத்தத்தின் மூலம் '4ஏ' என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் பதவி உயர்விலும் இட ஒதுக்கீடு செய்யலாம் என்பது அதன் பொருள். அதிலும் இதே வினையடை இதே இடத்தில் அமர்ந்திருக்கிறது. 2006-இல் நாகராஜ் வழக்கில், அவ்வாறு செய்ய விரும்பும் அரசு, இடம் போதவில்லை என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் புள்ளிவிவரங்களைத் திரட்ட வேண்டும் என்று கூறப்பட்டது. 2022 ஜனவரியில் ஜர்னைல் சிங் வழக்கில், போதாமையை அளக்கும் அளவுகோலை நீதிமன்றம் வகுத்துத் தர இயலாது, அதனை அரசே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஒரு வினையடையைச் சுற்றி எத்தனை ஆண்டுகள், எத்தனை வழக்கறிஞர்கள், எத்தனை பக்கங்கள்!

நம் கொல்லிமலையில் பெரும்பாலோர் மலையாளி மக்கள். இவர்கள் கேரளத்தார் அல்லர். மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினருள் இவர்களும் அடங்குவர். நம் பள்ளியில் படிக்கும் மாணவியருள் எத்தனையோ பேருக்கு இந்த 'அடிக்வெட்லி' தூரத்துச் சொல் அன்று. நாளை நம்மில் ஒருத்தி ஆசிரியையாகவோ, செவிலியாகவோ, வட்டாட்சியராகவோ அரசுப் பணியில் அமரும்போது, அவள் ஏறிச் சென்ற படிகளுள் ஒன்று அந்தச் சிறு வினையடையாக இருக்கும். இதை அறிந்த அன்று, தேர்வுத்தாளின் சிவப்பு வட்டத்தை நான் வேறு கண்ணோடு பார்த்தேன்.

சிறு சொல், பெரு மதிப்பு

விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முற்றத்தில் மிளகைப் பரப்பி, கையால் துழாவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு இங்கிலீசு எதுக்கு, கண்ணு? வியாபாரி மூட்டைக்குள்ள கைய விட்டு ஒண்ண எடுத்துக் கடிச்சுப் பாக்குறாரே, அவரு காஞ்சுதான்னா கேக்குறாரு? நல்லாக் காஞ்சுதான்னுதான் கேக்குறாரு. அந்த 'நல்லா'வுக்குத்தான் காசு" என்றார்.

இலக்கணம் படிக்காத அம்மா இலக்கணத்தின் உயிரைச் சொல்லிவிட்டார். வெறுமனே உலர்ந்த மிளகு பூசணம் பிடிக்கலாம். நன்கு உலர்ந்த மிளகே விலை போகும். வெறுமனே இடம் கிடைத்தால் ஆயிற்றா? போதிய இடம் கிடைக்க வேண்டும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது வினையடைக்கும் பொருந்தும்.

ஆகவே தோழியரே, ஆங்கிலத்தில் 'ஹூ' அல்லது 'விச்' எழுதி, 'வாஸ்' எழுதியதும் ஒரு நொடி பேனாவை நிறுத்துங்கள். கையில் இருக்கும் வினையடை எந்த வினையைச் சேர்ந்தது, எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். தன்மையா, அளவா, தடவையா, காலமா என்று பார்த்து, அதற்கு உரிய இருக்கையைக் கொடுங்கள். தன் இடத்தில் அமர்ந்த சொல் தன் கடமையைச் செய்யும். நம் அனைவருக்கும் அவ்வாறே நம் இடமும், அதில் கடமை செய்யும் மனமும் கிடைக்க இறைவன் அருள் புரிவாராக!

தங்கையருக்கு ஒரு பயிற்சி

கீழ்வரும் தொடர்களில் கொடுக்கப்பட்ட வினையடையைச் சரியான இடத்தில் சேர்க்கவும். விடைகளைப் பாராமல் முயல்க!

1. 'எ சாங் விச் ஹேஸ் பீன் சங்' — 'நெவர்' சேர்க்க.
2. 'தி ரோடு விச் ஹேஸ் பீன் டேமேஜ்டு பை தி ரெயின்' — 'பேட்லி' சேர்க்க.
3. 'தி பார்சல் விச் வாஸ் சென்ட்' — 'எஸ்டர்டே' சேர்க்க.
4. 'தி பிரிட்ஜ் விச் வாஸ் பில்ட்' — 'ரீசன்ட்லி' சேர்க்க.
5. 'தி கர்ல் ஹூ வாஸ் பிரெய்ஸ்டு ஆஃபன் ஸ்மைல்டு' — மாறுகண் நீக்கி இரு வகையாக எழுதுக.

விடைகள்: 1. 'விச் ஹேஸ் நெவர் பீன் சங்'. 2. 'விச் ஹேஸ் பீன் பேட்லி டேமேஜ்டு பை தி ரெயின்'. 3. 'விச் வாஸ் சென்ட் எஸ்டர்டே'. 4. 'விச் வாஸ் ரீசன்ட்லி பில்ட்' அல்லது 'விச் வாஸ் பில்ட் ரீசன்ட்லி'. 5. அடிக்கடி பாராட்டப்பட்டவள் என்றால் 'ஹூ வாஸ் ஆஃபன் பிரெய்ஸ்டு ஸ்மைல்டு'. அடிக்கடி புன்னகைத்தவள் என்றால் 'ஹூ வாஸ் பிரெய்ஸ்டு ஸ்மைல்டு ஆஃபன்'.

ஐந்தும் சரியாக இருந்தால், நான் இழந்த அரை மதிப்பெண் உங்களுக்குக் கிடைத்ததாக எண்ணி மகிழ்வேன்.